கையைத் தூக்கினால் சரி

சேற்றில் ஓடிய காரை அந்த ஈரத்தோடு கழுவக் கூடாது. ஆர்வக் கோளாறில் நிறையப் பேர் செய்யும் தவறு அது. தண்ணீர் பட்டால் மணல் கரைந்து நேராகப் பேரிங்குக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சேறு தானாகக் காய வேண்டும். காய்ந்த பிறகு பழைய பல் பிரஷால் தட்டினால் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். அதற்குப் பொறுமை வேண்டும். எனக்குப் பொறுமை அதிகம் என்று எல்லோரும் சொல்வார்கள், உங்கள் மச்சான் சின்னராசா உட்பட.

உட்காருங்கள், இராமையா. பிளேன்டீ ஊற்றுகிறேன். நீங்கள் ஜெயலெட்சுமியின் அண்ணன் என்று சொல்லியிருக்கவே தேவையில்லை, அந்த நெற்றியைப் பார்த்தாலே தெரிகிறது. தெருமுனையில் இருந்தே எனக்குக் கையைக் காட்டிக்கொண்டு வந்தீர்கள், அது சந்தோஷமாக இருந்தது. வவுனியாவில் இருந்து பதுளைக்கு வருவது இந்தக் காலத்தில் லேசான காரியம் இல்லை. வழியில் எத்தனை இடத்தில் இறக்கி ஏற்றினார்களோ. அந்த அலைச்சலுக்காகவாவது நான் ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும்.

உங்கள் கேள்வி நியாயமானது. கால் முறிந்த மனிதன் ஏழெட்டு மாதத்தில் எழுந்து நடமாடுகிறான். பெண்சாதியும் பிள்ளையும் கடலுக்கு அந்தப் பக்கம் காத்திருக்க, சின்னராசா ஏன் மூன்று வருஷம் இந்தக் கடையின் பின்னறையிலேயே கிடந்தார்? அவரிடமே கேட்டீர்களாம். ‘மர்ஸூக் நானாகிட்டக் கேளுங்க’ என்று என்னைக் கைகாட்டி மட்டும் சொல்லியனுப்பினாராம். அவர் அப்படித்தான். தன் வாயால் ஒருவரைக் குறை சொல்ல மாட்டார்.

நான் எதையும் மறைக்கப் போவதில்லை. ஆனால் காரில் இருந்துதான் தொடங்க வேண்டும். அது இல்லாமல் உங்களுக்கு ஒன்றும் விளங்காது.

அதோ, மேசைமேல் இருக்கிறதே, அதுதான். ஜப்பான்காரன் செய்தது. முழங்கை நீளம்தான், ஆனால் ரேடியோ அலையில் ஓடும் ரேஸ் கார். பின்சக்கரம் பெரிது, முன்சக்கரம் சின்னது, நாலு சக்கரத்துக்கும் எண்ணெய் ஊற்றிய ஷொக் அப்சோபர். ஜித்தாவில் இருக்கும் என் தம்பி லத்தீப், தோட்டத்துத் துரைமாருக்கு விற்கலாம் என்று இரண்டு பெட்டி கொண்டுவந்தான். ஒன்றைப் பசறைப் பக்கத்துத் துரை ஒருவர் எடுத்துக்கொண்டார். மற்றதை ஒருவரும் சீந்தவில்லை. பெட்டியைத் திறந்தால் கார் இருக்கவில்லை, கார் ஆக வேண்டிய துண்டுகள்தான் இருந்தன. தம்பி திரும்பிப் போகும்போது, நானா, உங்களுக்குத்தான் வேறு வேலை இல்லையே என்று சொல்லி விட்டுப்போனான்.

அவன் சொன்னதில் தப்பில்லை. நான் தனி ஆள். ஸுபைராவைக் கலியாணம் முடித்து இரண்டு வருஷம் இந்த மாடியில் குடும்பம் நடத்தினேன். ஒருநாள் பண்டாரவளையில் இருக்கும் தன் உம்மா வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. ஆள் அனுப்பிக் கேட்டபோது, ரேடியோ பேசுகிற வீட்டில் மனுஷன் பேசுகிறதில்லை என்றாளாம். பொய் இல்லை. அவள் புறப்பட்டபோது நான் தடுக்கவில்லை. பெட்டியைக்கூட நானே பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். போகிறவர்களைப் போக விடுவதுதான் மரியாதை என்று அப்போது நினைத்திருந்தேன். பிறகு அந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டேன்.

காரின் ரேடியோப் பகுதி எனக்குக் கைவந்த வேலை. கியர்ப் பெட்டிதான் சரியாக வரவில்லை. அந்த நேரத்தில்தான் சின்னராசா ஒரு பழுதான ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்தார். தோட்டத்துப் பெக்டரியில் ஃபிட்டர் என்றார். நான் ரேடியோவைத் திறந்து பார்க்கிறேன், அவர் காரைப் பார்க்கிறார். மோட்டரின் சின்னப் பல்சக்கரமும் பெரிய பல்சக்கரமும் இறுகிக் கடித்தால் தேய்ந்துவிடும், விலகி நின்றால் பல் உடையும். அவர் என் மேசையில் கிடந்த கடதாசியில் ஒரு துண்டு கிழித்து இரண்டுக்கும் நடுவில் வைத்தார். நெருக்கித் திருகை இறுக்கினார். பிறகு கடதாசியை உருவி எடுத்தார். அந்தக் கடதாசி அளவு இடைவெளிதான் சரி. மோட்டரைப் போட்டேன், தையல் மெஷின் மாதிரி ஓடியது. இரண்டு பேரும் சிரித்தோம். இந்தக் கடையில் நான் சத்தம் போட்டுச் சிரித்தது எனக்கே புதிதாக இருந்தது.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் பசறை பஸ்ஸில் அவர் வருவார். இல்லாவிட்டால் நான் காரைப் பையில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போவேன். ஒரு திருகு தொலைந்தாலும் இந்த நாட்டில் வாங்க முடியாது. அவர் பெக்டரி லேத்தில் கடைந்து கொண்டுவருவார். டயர் தேய்ந்தபோது மொனராகலை ரப்பரில் வெட்டி ஒட்டினோம். ஷொக்குக்குத் தையல் மெஷின் எண்ணெயில் ஆமணக்கெண்ணெய் கலந்து, வெயிலுக்கு ஒரு பதம், மழைக்கு ஒரு பதம் என்று பிடித்துவைத்தோம். துரைமாரின் புதுக் கார்கள் எங்கள் ஒட்டுப்போட்ட காருக்குப் பின்னால்தான் வந்தன. ஓட்டுவது அவர், சரிபார்ப்பது நான். எனக்கு ஓட்ட ஆசை இருந்ததில்லை. அவர் ஓட்டும்போது பக்கத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு விஷயம் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ரிமோட் இல்லாமல் காரின் ஸ்விட்சை மட்டும் போட்டு வைத்தால், முன்சக்கரம் சில நேரம் தானாக இடமும் வலமும் துடிக்கும். முதல் தடவை பார்த்துச் சின்னராசா பயந்தே போய்விட்டார். பேய் இல்லை, எதிர்க் கராஜில் வெல்டிங் வைக்கிறார்கள் என்று நான் விளக்கினேன். காருக்குள் இருக்கும் ரிசீவருக்குத் தன் சொந்த ரிமோட்டின் குரல் கேட்காவிட்டால், யாருடைய இரைச்சலையும் குரல் என்று எடுத்துக்கொள்ளும். பாவம்தான் என்றார் அவர்.

இன்னொன்று, ரேஞ்ச் பார்ப்பது. ரேஸுக்கு முன் நாங்கள் தவறாமல் செய்வது அது. நான் காரைத் தரையில் படாமல் தூக்கிப் பிடித்திருப்பேன். அவர் ரிமோட்டின் ஏரியலை மடித்து வைத்துக்கொண்டு, முன்சக்கரத்தைத் திருப்பித் திருப்பி, மைதானத்தின் அந்தப் பக்கத்து வேலி வரைக்கும் நடந்து போவார். ஏரியலை மடித்தே அவ்வளவு தூரம் எட்டினால், நீட்டிய பிறகு எங்கே போனாலும் எட்டும். ஆனால் வேலியில் இருந்து பார்த்தால் இந்தச் சின்னச் சக்கரம் திரும்புகிறதா என்று அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிவது என் கை மட்டும். சக்கரம் திரும்பும் வரை நான் கையைத் தூக்கிவைத்திருக்க வேண்டும். நின்றால் இறக்க வேண்டும். கையைத் தூக்கினால் சரி, அதுதான் எங்கள் பேச்சு. அவர் ஒருநாளும் திரும்பக் கேட்டதில்லை.

கலவரம் வந்த அன்று அவர்கள் மூவரும் டவுனில் இருந்தார்கள். பிள்ளைக்குக் காது வலி, மருந்து எடுக்க வந்தவர்கள். தெருவில் புகை கிளம்பியதும் நான் அவர்களைப் பின்னறைக்குள் விட்டுக் கடைப் பலகைகளைப் போட்டுவிட்டேன். ஆட்கள் வந்து, தமிழர் யாராவது உள்ளே இருக்கிறார்களா என்று கேட்டார்கள். உள்ளே பழுதான ரேடியோக்கள்தான் கிடக்கின்றன என்றேன். என் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்லும் ஆள் என்று யாருக்கும் தோன்றாது. அந்தக் கிழமை, ஏழு நாளும், இந்த வீட்டில் நாலு பேர் சாப்பிட்டோம். உங்கள் தங்கச்சி ரொட்டி சுட்டார். பிள்ளை என் முதுகில் சாய்ந்துகொண்டு தூங்கியது. சத்தம் வெளியே போகக் கூடாது என்று காரைத் துண்டு துண்டாகக் கழற்றி மறுபடி பூட்டினோம், நானும் சின்னராசாவும், எதிர் எதிரே உட்கார்ந்து. வெளியே ஊர் எரிந்தது. உங்களிடம் சொல்வதற்கென்ன, என் வாழ்க்கையிலேயே நான் சந்தோஷமாக இருந்த கிழமை அது.

அதன் பிறகுதான் அவர்கள் போக முடிவு செய்தார்கள். இந்தியாவுக்குப் போகும் அனுமதி அவர்களுக்கு எப்போதோ கிடைத்திருந்தது, இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டுக் கொண்டிருந்தார்கள். இனி இங்கே இருக்க மாட்டேன் என்று ஜெயலெட்சுமி ஒற்றைக்காலில் நின்றார். சின்னராசா என்னிடம் சொன்ன அன்று கையில் ஒரு ஷொக்கை வைத்து எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

“நானா, பொங்கலோட நாங்க போயிரலாம்னு இருக்கோம். ஜெயா ரொம்பப் பயந்து போச்சு. புள்ளையையாச்சும் காப்பாத்தணும்ல.”

நல்லது என்றேன். காப்பாற்ற வேண்டும் என்றார். அந்தக் கிழமை காப்பாற்றியது யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் வெட்கப்பட்டிருப்பார்.

அவருக்குக் கெடுதல் செய்ய வேண்டும் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. ஒரு கப்பல் தவறினால் போதும் என்றுதான் நினைத்தேன். ஒரு கப்பல் தவறினால் அடுத்ததற்குள் பயம் தணியும். பயம் தணிந்தால் வேலை இருக்கிறது, குடியிருக்க லயம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. மனிதர்கள் பதற்றத்தில் எடுக்கும் முடிவைக் கொஞ்சம் தாமதப்படுத்துவது நல்ல காரியம். ஒரு சுளுக்கு, கூடிப்போனால் கணுக்காலில் ஒரு வெடிப்பு. அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

கடைசி ஞாயிறு தோட்டத்து மைதானத்தில் ரேஸ் வைத்திருந்தார்கள். அந்த மைதானத்தின் ஓரத்தில் ஒரு கற்கட்டு, கட்டுக்குக் கீழே ஆள் உயரத்துக்கு மேல் பள்ளம், அதற்குக் கீழே தேயிலை. கார் சில நேரம் அந்தப் பக்கம் பாய்ந்துவிடும். பாய்ந்தால் எல்லோருக்கும் முன்னால் ஓடுவது சின்னராசாதான். உடைந்தால் துண்டு கிடைக்காதே. கட்டில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கல்லில் கால் வைத்து இறங்குவார். எப்போதும் அதே கல், எப்போதும் வலது கால். பார்த்துப் பார்த்து எனக்கு மனப்பாடம்.

ரிசீவருக்குள் ஒரு சின்னக் கொயில் இருக்கிறது. அதன் தலையைப் பிளாஸ்டிக் திருப்புளியால் கொஞ்சம் திருப்பினால் காது மந்தமாகிவிடும். கிட்ட நின்று பேசினால் கேட்கும், தூரப் போனால் கேட்காது. ஓட்டத்தில் குரல் அறுந்தால் இந்தக் கார் நிற்காது, கடைசியாக என்ன சொன்னோமோ அதையே செய்துகொண்டு போகும். நேராக, முழு வேகத்தில் போ என்று சொல்லியிருந்தால் நேராகத்தான் போகும். மைதானத்தின் நீளமான ஓட்டம் கற்கட்டைப் பார்த்துத்தான் முடிகிறது. இதெல்லாம் நான் யோசித்துக் கண்டுபிடித்தது இல்லை. மைதானம் முன்பே அப்படி இருந்தது.

ரேஞ்ச் பார்க்கும் நேரம் வந்தது. அவர் ஏரியலை மடித்துக்கொண்டு வழக்கம்போல் நடந்தார். பாதி மைதானம்கூடத் தாண்டவில்லை, என் கையில் இருந்த காரின் சக்கரம் நின்றுவிட்டது. அவர் நடந்துகொண்டே இருந்தார், ரிமோட்டில் விரலை அசைத்துக்கொண்டே. நான் கையை இறக்கவில்லை. வேலிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தார். நான் கையை இன்னும் கொஞ்சம் உயர்த்திக் காட்டினேன். அவரும் கையை உயர்த்தினார். தூரத்தில் சின்னதாகத் தெரிந்தார். அப்போது எனக்கு அழுகை வந்தது உண்மை.

மூன்றாவது சுற்றில் கார் கட்டைத் தாண்டியது. அவர் ரிமோட்டை என் கையில் திணித்துவிட்டு ஓடினார். பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவர் தேயிலைச் செடிகளுக்கு நடுவில் மல்லாந்து கிடந்தார், தொடை திரும்பியிருந்தது. கார் கட்டின் விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒரு புல்புதரில் மாட்டிக்கொண்டு நின்றிருக்க வேண்டும். விழும்போதே அதைப் பிடித்திருக்கிறார். இரண்டு கையாலும் அதை நெஞ்சுக்கு மேலே உயர்த்திப் பிடித்திருந்தார், அடிபடாமல். “ஒண்ணும் ஆகல நானா, பாருங்க” என்று காரைத்தான் என்னிடம் நீட்டினார். உண்மைதான், ஒரு கீறல்கூட இல்லை.

தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. நான் கணுக்காலைத்தான் எண்ணியிருந்தேன். கணக்குக் கொஞ்சம் கூடிவிட்டது.

ஜெயலெட்சுமி போக மாட்டேன் என்றார், நீங்கள் அதையும் தெரிந்துகொள்ள வேண்டும். இவரை இப்படிப் போட்டுவிட்டுக் கப்பல் ஏறுவதா என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். நான்தான் பேசினேன். லயத்து அறையை வேறு குடும்பத்துக்கு எழுதிவிட்டார்கள், தோட்டத்துப் பதிவில் பெயரை வெட்டியாகிவிட்டது, இந்தத் தேதியை விட்டால் மூவருக்கும் இல்லாமல் போகும், பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேருங்கள் என்றேன். எல்லாம் நியாயமான பேச்சு, ஒன்றும் பொய் இல்லை. சின்னராசா கால் ஊன்றிய அன்றே நானே கொண்டுபோய்க் கப்பல் ஏற்றிவிடுகிறேன் என்று சொன்னதைத் தவிர.

“நீங்க இருக்கீங்கங்கிற தைரியத்துலதான் போறேன் நானா” என்றார்.

கப்பலுக்குக் கொண்டுபோகும் அந்த ரயிலை ஒப்பாரிக் கோச்சி என்று சும்மா சொல்லவில்லை. போகிறவர்களும் அழுதார்கள், நிற்கிறவர்களும் அழுதார்கள். நான் ஸ்டேஷனில் பெட்டியை ஏற்றிக் கொடுத்தேன். பிள்ளை ஜன்னலால் கையை நீட்டி அப்பா அப்பா என்றது. நான் அதன் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் கூடவே நடந்தேன். அவர்கள் போனது எனக்கும் கவலைதான். ஆனால் ஒருவரையாவது வைத்துக்கொள்ள முடிந்தது.

பின்னறை தயாராக இருந்தது. ஆஸ்பத்திரியில் இருந்து நேரே இங்கே கூட்டிவந்தேன். காலுக்கு ஓர் இரும்புத் தாங்கி வேண்டும், கொழும்பில் செய்வார்கள் என்றார்கள். கொழும்பு எதற்கு, நான் செய்கிறேன் என்றேன். இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, முழங்காலில் ஒரு கீல், தோல் பட்டி, கணுக்காலுக்குக் கீழே உயரத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. காரின் ஷொக்குக்கு இருப்பது போலத்தான். என் கையால் செய்தவற்றில் அது நல்ல வேலை.

ஜூன், ஜூலையில் அவர் நன்றாகவே நடக்கத் தொடங்கினார். தடி இல்லாமல் மணிக்கூட்டுக் கோபுரம் வரை போய் வந்தார். அடுத்த மாதக் கப்பலுக்குப் பெயர் கொடுக்க வேண்டும் நானா என்றார். முகமெல்லாம் சிரிப்பு. அன்றைக்கு அவர் குளிக்கப் போன நேரத்தில் நான் அந்தத் திருகைக் கொஞ்சம் திருப்பினேன். கடதாசியைப் பல மடிப்பு மடித்த கனம், அவ்வளவுதான். ஒரு பக்கக் கம்பி அவ்வளவு நீண்டால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஒரு நாள் நடந்தால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். மறுநாள் அவரால் எழும்ப முடியவில்லை. எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டேன். வலி போகட்டும் என்று சில நாள் திருகை இறக்கி வைத்தேன். வலி போனதும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, கூடப் பிறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான் நானா என்றார்.

அப்படியே பழகிவிட்டது. அவர் கால் தேறும்போதெல்லாம் ஏற்றுவேன். சோர்ந்து போகும்போது இறக்குவேன். அந்த வருஷக் கடைசியில் கப்பலே நின்றுவிட்டது, சண்டை. அதற்குப் பிறகு திருகைத் தொட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஆனாலும் தொட்டேன். ஒரு வேலையைத் தொடங்கினால் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் பழைய நிலைக்குப் போய்விடும்.

நாங்கள் நன்றாகவே வாழ்ந்தோம். அவர் பின்னறையில் இருந்து ரேடியோ வேலை பழகிக்கொண்டார். என்னைவிடச் சுத்தமாக ஈயம் வைப்பார். ஞாயிற்றுக்கிழமை காரைக் கழற்றிப் பூட்டுவோம். ஓடவில்லை, ஓடாமலே பராமரித்தோம். சில நேரம் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு பிள்ளையின் பெயரைச் சொல்லுவார். அப்போது நான் ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைப்பேன்.

டீ ஆறிவிட்டது, வேறு ஊற்றவா? நீங்கள் கோபப்படுவது எனக்கு விளங்குகிறது. முழுக்கக் கேட்டால் கோபம் குறையும்.

இன்னொன்று, நடுவில் சொல்ல விட்டுப்போனது. அந்தக் கற்கட்டுக் கல். அதையும் ரேஸுக்கு முதல்நாள் போய் அசைத்து வைத்தது நான்தான். மைதானம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். கல் இறுக்கமாகத்தான் இருந்தது, கடப்பாறை தேவைப்பட்டது.

இந்த வருஷம் மழை பெய்த ஒரு காலையில் சின்னராசா தாங்கியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வருஷ ஈரத்தில் கீல் துருப்பிடித்திருந்தது, பட்டியின் ஆணிகள் துருப்பிடித்திருந்தன.

“இந்தத் திருகு மட்டும் பளபளன்னு இருக்கே நானா” என்றார்.

ஒருவரும் தொடாத திருகு துருப்பிடிக்கும். ஃபிட்டருக்கு அதை விளக்க வேண்டியதில்லை. அவர் மேசையில் இருந்து ஒரு கடதாசித் துண்டு கிழித்தார். தாங்கியைத் தரையில் நிறுத்தி, தூக்கி நின்ற பக்கத்தின் அடியில் கடதாசியை விட்டுப் பார்த்தார். பிறகு மடித்து மடித்து விட்டுப் பார்த்தார். பிறகு திருப்புளியைக் கேட்டார், நான் எடுத்துக் கொடுத்தேன். அவரே சரிசெய்துகொண்டார். அன்றைக்குப் பகல் இரண்டு பேரும் ஒரே சட்டியில்தான் சாப்பிட்டோம்.

கொஞ்ச நாள் கழித்து, விடிந்து கடை திறக்கிற நேரம், சட்டை போட்டுப் பையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். கொழும்புக்குக் கோச்சி, அங்கிருந்து விமானம் என்று ஏற்பாடு செய்திருந்தார். எனக்குத் தெரியாமல் எப்படிச் செய்தாரோ. கார் மேசைமேல் இருந்தது. ரிமோட்டைக் கையில் எடுத்தார்.

“ஒருக்கா ரேஞ்ச் பாத்துருவமா நானா?”

நான் காரைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றேன். அவர் ஏரியலை மடித்தபடி ஸ்டேஷன் ரோட்டில் நடந்தார். நொண்டவே இல்லை. என் கையில் முன்சக்கரம் இடம், வலம், இடம், வலம் என்று திரும்பிக்கொண்டிருந்தது. கொயிலை நான் எப்போதோ சரிசெய்து வைத்திருந்தேன், அந்தக் கார் நல்ல நிலையில் இருக்கிறது. புடவைக் கடைகளைத் தாண்டினார், பேக்கரியைத் தாண்டினார். அதற்கு அங்கால் சக்கரம் நின்றுவிட்டது. அவர் நடந்துகொண்டே இருந்தார். தெருமுனைக்குப் போய்த்தான் திரும்பிப் பார்த்தார். ஏரியலை மடித்தால் அவ்வளவு தூரம் எட்டாது என்று அவருக்கும் தெரியும்.

என் கை உயரத்தான் இருந்தது. நான் இறக்கவில்லை. எப்படி இறக்குவேன், சொல்லுங்கள். இறக்கினால் எல்லாம் முடிந்துவிடுமே. இன்னும் கொஞ்சம் உயர்த்திக் காட்டினேன்.

அவர் வெகுநேரம் என்னைப் பார்த்தபடி நின்றார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு, ரிமோட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, ஸ்டேஷன் பக்கம் திரும்பினார்.

இவ்வளவுதான் நடந்தது. செய்தது நான்தான், எல்லாவற்றையும். நீங்கள் போலீசுக்குப் போனாலும் இதையேதான் சொல்வேன். ஆனால் ஒரு விஷயத்தில் உங்களுக்குத் தவறான தகவல் கிடைத்திருக்கிறது. அவர் திருச்சிப் பக்கம் குடும்பத்தோடு சேர்ந்துவிட்டார், ஒரு மில்லில் வேலை பார்க்கிறார் என்கிறீர்கள். அப்படியானால் ரிமோட்டை எதற்கு எடுத்துப்போனார்? காரை என்னிடம் விட்டுவிட்டு ரிமோட்டை மட்டும். திரும்பி வராத மனிதன் அப்படிச் செய்ய மாட்டான். அதனால் நான் தினமும் பற்றரியைச் சார்ஜ் பண்ணி, காலையில் ஸ்விட்சைப் போட்டுக் காரை வாசலைப் பார்த்து வைக்கிறேன். இன்றைக்குக் கொஞ்சம் முன்னால் முன்சக்கரம் இடது பக்கம் திரும்பியது. கராஜில் வெல்டிங் நடந்துகொண்டிருந்தது உண்மைதான். அந்த இரைச்சல் எனக்குத் தெரியாதா, இது வேறு. அவர் இந்த டவுனில்தான் எங்கேயோ நிற்கிறார், ஏரியலை மடித்து வைத்துக்கொண்டு.

அதற்காகத்தான் நீங்கள் வரும்போது நான் வாசலில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். நீங்கள் உங்களுக்கென்று நினைத்துக் கையைக் காட்டினீர்கள்.